பாரிஸில் பெரிய பேஸ்ட்ரி கடைக்கு முதல் தடவை போகிறீர்களா? வரிசையில் நிற்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

கவுன்டரில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். எதிரில் இருப்பவர் பிரெஞ்சில் அடுத்தடுத்துக் கேள்வி கேட்பார். எது வேண்டும், எத்தனை பேருக்கு, இதில் பன்றி ஜெலட்டின் இருக்குமா, வீடு போய்ச் சேரும்வரை உருகாமல் தாங்குமா என்றெல்லாம் அங்கே நின்று யோசிக்க ஆரம்பித்தால், விரல் எதையாவது காட்டும், வாய் எல்லாவற்றுக்கும் 'உய்' (ஆம்) என்று சொல்லும், பையிலிருந்து 40 யூரோ போயிருக்கும். புதிதாக வந்த காலத்தில் நானும் தடுமாறித்தான் இதெல்லாம் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அவஸ்தை வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். படிக்க, வேலைக்கு, சுற்றிப் பார்க்க என்று எதற்காக பாரிஸ் வந்திருந்தாலும் இது பொருந்தும்.

1. எதற்காகப் போகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள்

ஒரே கடையில் நான்கு வகை வியாபாரம் நடக்கும்: தனித்தனித் துண்டாக வாங்கிப் போவது, பரிசுப்பெட்டி, முழு கேக் ஆர்டர், உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் விலையும் முன்னேற்பாடும் வேறு. சில இடங்களில் வரிசையே வேறு. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் வரிசையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, வாங்கிப் போகிறவர்கள் பக்கத்துக் கதவு வழியாகப் போகலாம் என்று கடைசியில் தெரிந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். போனதும் வாசலில் நிற்கும் ஊழியரிடம் 'ஆ ஆம்போர்த்தே?' (எடுத்துப் போக) என்று கேட்டு, சரியான வரிசையில் சேருங்கள். லூவ்ரு அருங்காட்சியகத்துக்கு அருகே ரிவோலி தெரு 226-இல் இருக்கும் ஆஞ்செலினா போன்ற சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் இடங்களில் இதைக் கேட்காமல் நிற்கவே நிற்காதீர்கள்.

எந்தக் கடை என்பதும் உங்கள் நோக்கத்தைப் பொறுத்தது. மக்கரோன் (நடுவில் கிரீம் வைத்த சிறு பாதாம் பிஸ்கட்) பரிசுப்பெட்டி வேண்டுமா? லாதுரே, பியேர் எர்மே இரண்டுக்கும் நகரத்தில் பல கிளைகள் உண்டு. ரோஜா, லிச்சி, ராஸ்பெரி மூன்றும் சேர்ந்த 'இஸ்பஹான்' பியேர் எர்மேயின் அடையாளம். ரோஸ்மில்க் குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை உடனே பிடித்துப்போகும். பாரிஸின் மிகப் பழைய பேஸ்ட்ரி கடை மோந்தோர்கேய் தெரு 51-இல் இருக்கும் ஸ்தொரேர். அங்கே பெயர்பெற்றது ரம்மில் ஊறிய 'பாபா' கேக். மது தொடாதவர்கள் அதை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். அசல் பழம் போலவே செய்த இனிப்புகளைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டிருந்தால், அவை செத்ரிக் குரோலேயின் வேலை. மெரிஸ் ஓட்டலை ஒட்டிய கஸ்திலியோன் தெருக் கடை ஒன்று, ஒபேரா அவென்யூ 35-இல் இன்னொன்று. பாரிஸிலேயே நீளமான வரிசைகளில் சில அங்கேதான் நிற்கும்.

என்னைக் கேட்டால், முதல் தடவை அங்கே போக வேண்டாம். அந்த விலைக்கும் காத்திருப்புக்கும் பொருள் புரிய, பிரெஞ்சு பேஸ்ட்ரியின் அடிப்படைகளை ஏற்கெனவே ருசித்திருக்க வேண்டும். முதலில் ஒரு எலுமிச்சை டார்ட், ஒரு பாரிஸ்-பிரெஸ்த், ஒரு மில்ஃபெய் (மொறுமொறு அடுக்குகளுக்கு இடையே கிரீம் வைத்தது) சாப்பிடுங்கள். பாரிஸ்-பிரெஸ்த் என்பது வளையமாகச் சுட்ட 'ஷூ' எனும் உப்பிய மாவுக்குள், ஹேசல்நட் கொட்டையைச் சர்க்கரையோடு வறுத்து அரைத்த பிரலின் கிரீம் நிரப்பியது. ஒரு சமையல்காரரின் கை எப்படி என்பது அதில் தெரிந்துவிடும். அந்தக் கிரீமை நாக்கால் அழுத்தினால் வறுத்த கொட்டையின் லேசான கசப்பு வர வேண்டும். வெறும் வெண்ணெயும் சர்க்கரையும்தான் தெரிகிறது என்றால், பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டியதில்லை.

2. எவ்வளவு ஆகும்

விலைகள் வருடாவருடம் ஏறுகின்றன. பட்ஜெட் போட உதவும் தோராயக் கணக்கு இது:

- தெருமுனை பேக்கரியில் ஒரு எக்லேர் (கிரீம் நிரப்பிய நீள பேஸ்ட்ரி) அல்லது டார்ட்: 3 முதல் 5 யூரோ
- பெயர்பெற்ற கடையில் ஒரு ஆள் சாப்பிடும் துண்டு: 7 முதல் 12 யூரோ
- அரண்மனை ஓட்டல் வகைக் கடையில் ஒரு பழ இனிப்பு: 15 யூரோவுக்கு மேல்
- மக்கரோன்: ஒன்று 2.50 முதல் 3 யூரோ
- 6 பேருக்கான முழு கேக்: 45 முதல் 75 யூரோ
- கிறிஸ்துமஸ் 'பூஷ்' (மரக்கட்டை வடிவ கேக்): பெரிய கடைகளில் 100 யூரோவைத் தொடும், தாண்டவும் செய்யும்

போட்டிருக்கும் விலையில் வரி அடங்கும். கடைசியில் தனியாக எதுவும் சேர்க்க மாட்டார்கள். ஆனால் அதே துண்டை உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டால் விலை கூடும். எடுத்துப் போகும் பேஸ்ட்ரிக்கு விற்பனை வரி 5.5%, உட்கார்ந்து சாப்பிட்டால் 10%. அதற்கு மேல் மேசை, பீங்கான், பரிமாறும் ஆள் எல்லாவற்றுக்கும் கடைக்காரர் வைக்கும் விலை வேறு. கவுன்டரில் 8 யூரோ என்று பார்த்துவிட்டு மேசையில் 12 யூரோ பில் வந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டு விலைப்பட்டியல் வைத்திருப்பது அங்கே வழக்கம்.

முழு கேக்கை ஆள் கணக்கில்தான் விற்பார்கள்: 4 பேருக்கு, 6 பேருக்கு, 8 பேருக்கு. பெட்டியைப் பார்த்ததும் 'இது 6 பேருக்கு எப்படிப் போதும்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். போதும். வெண்ணெயும் கிரீமும் அடர்த்தியாக இருப்பதால் இரண்டாவது துண்டு கேட்பவர்கள் குறைவு. ஆனால் 25 பேரைக் கூப்பிட்டு நடத்தும் பிறந்தநாளுக்கு இந்தக் கடைகள் சரிப்படாது. நறுக்குவதற்குச் சின்ன கேக் ஒன்று இங்கே வாங்கிக்கொண்டு, விருந்தினர்களுக்கான பெரிய கேக்கை லா சப்பல் பக்கம் நம்மவர் கடைகளில் சொல்லிவிடுவதுதான் எனக்குத் தெரிந்த பலரும் செய்வது. முட்டை இல்லாத கேக்கும் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

3. எந்த நாள், எந்த நேரம்

திங்கட்கிழமை பல கடைகளுக்கு விடுமுறை. சிலவற்றுக்கு செவ்வாயும் சேரும். ஞாயிறு காலை திறந்திருக்கும், ஆனால் மதிய விருந்துக்குப் போகும் பிரெஞ்சுக் குடும்பங்கள் எல்லாம் கையில் ஒரு பேஸ்ட்ரி பெட்டியோடு போவது வழக்கம் என்பதால் 11 மணியிலிருந்து ஒரு மணி வரை நெரிசல் உச்சத்தில் இருக்கும். பல கடைகள் ஞாயிறு பிற்பகலே மூடிவிடும்.

ஆகஸ்ட் மாதம் கவனம். தனிக் கடைகள் இரண்டு, மூன்று வாரம் மொத்தமாக மூடிவிட்டுப் போய்விடுவார்கள். கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். ஊரிலிருந்து ஆகஸ்டில் வரும் உறவினரை அழைத்துப் போவதாக இருந்தால், கடையின் சமூக ஊடகப் பக்கத்தை அன்று காலையே பாருங்கள். வரைபடச் செயலியில் 'திறந்திருக்கிறது' என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

சாதாரண நாட்களில் புதன், வியாழன் காலை 10.30-ஐ ஒட்டிப் போவது நல்லது. கடை திறந்த உடனே போனால் குரோசான் வகைகள்தான் இருக்கும், கிரீம் பேஸ்ட்ரிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். மாலை 5 மணிக்குப் போனால் பெயர்பெற்ற துண்டுகள் தீர்ந்திருக்கும்.

பருவமும் முக்கியம். ஸ்ட்ராபெரி அடுக்கிய 'ஃப்ரெசியே' கேக்கை வசந்தத்திலிருந்து கோடை வரைதான் பார்க்கலாம். டிசம்பரில் கேட்டால் சிரிப்பார்கள். 'பூஷ்' கேக்குக்கு நவம்பரிலேயே ஆர்டர் எடுக்கத் தொடங்குவார்கள், டிசம்பர் 20-க்கு மேல் போய்க் கேட்டால் கிடைப்பது மிச்சம் மீதிதான். ஜனவரி முழுக்க பாதாம் கிரீம் வைத்த 'கலெத்' விற்கும். அதற்குள் ஒரு சிறு பீங்கான் பொம்மையை ஒளித்து வைத்திருப்பார்கள். யாருடைய துண்டில் வருகிறதோ அவருக்குக் கிரீடம் சூட்டுவது விளையாட்டு. குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் துண்டைக் கத்தியால் பிரித்துப் பார்த்துவிடுங்கள், பல் பத்திரம்.

4. முன்பதிவும் கையில் இருக்க வேண்டிய தாள்களும்

தனித் துண்டுக்கு முன்பதிவு தேவையில்லை. ஆனால் பல கடைகளின் இணையதளத்தில் முதல் நாளே பணம் கட்டிவிட்டு, குறித்த நேரத்தில் போய் எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தினால் வரிசையில் பாதி மிச்சம்.

பதிவு செய்யும்போது நம் பெயர்தான் முதல் சிக்கல். படிவத்தில் 'நோம்' என்ற கட்டத்தில் குடும்பப் பெயரையும் 'ப்ரெநோம்' கட்டத்தில் உங்கள் பெயரையும் கேட்பார்கள். இனிஷியல் ஒரு எழுத்தை மட்டும் போட்டால் சில தளங்கள் ஏற்காது. கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே முழுதாகப் போடுங்கள். கவுன்டரில் கோபாலகிருஷ்ணன் என்று உச்சரித்துப் பார்ப்பதைவிட ஆர்டர் எண்ணைக் கைபேசியில் திறந்து நேரே காட்டுவது மேல். அடுத்தது தொலைபேசி எண். +91, +94 எண்களை மறுக்கும் படிவங்கள் உண்டு. இங்கேயே இருக்கும் நண்பரின் எண்ணைக் கொடுத்தால், கடையிலிருந்து அழைப்போ குறுஞ்செய்தியோ அவருக்குத்தான் போகும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எடுத்துப் போக வரும்போது வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆர்டர் உறுதி மின்னஞ்சல், பணம் கட்டிய அதே அட்டை, அடையாளத்துக்கு ஏதாவது ஒன்று. அடையாளம் கேட்பது அபூர்வம், ஆனால் வேறொருவர் பெயரில் ஆர்டர் செய்து நீங்கள் எடுக்கப் போனால் கேட்கலாம். மின்னஞ்சலைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருங்கள், சில பழைய கட்டடங்களுக்குள் சிக்னல் கிடைக்காது.

முழு கேக் என்றால் 48 முதல் 72 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். வார இறுதிக்கு வேண்டுமானால் புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். கேக் மேல் பெயர் வேண்டுமென்றால் ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கையில் கொடுங்கள், வாயால் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டாம். பிரெஞ்சில் ஜி, ஜே இரண்டின் உச்சரிப்பும் நமக்குத் தலைகீழ்.

முன்பணம் கொடுக்கும்போது ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'அர்' என்றிருந்தால், நீங்கள் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும்; கடைக்காரர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். 'அகோன்த்' என்றிருந்தால் இரு பக்கமும் ஒப்பந்தம் உறுதியானதாகக் கணக்கு, மீதிப் பணத்தையும் உங்களிடம் கேட்க முடியும். எதுவும் குறிப்பிடவில்லை என்றால் சட்டப்படி அது முதல் வகைதான். இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை, விரைவில் கெட்டுப்போகும் உணவுக்குக் கிடையாது. தேதியைத் தவறாகப் போட்டுவிட்டால் உடனே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள், முந்தின நாள் வரை பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

5. ஜெலட்டின், மது, முட்டை: நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம்

இதை நிதானமாகப் படியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய தகவலைக் கடை கொடுத்தாக வேண்டும். பிரான்சில் பொதியாமல் விற்கும் உணவுக்கும் இதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். முட்டை, பால், கோதுமை, கொட்டை வகைகள், எள், சோயா எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். கேட்டால் ஒரு தகவல் கோப்பு அல்லது அட்டவணையை நீட்டுவார்கள். பலர் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பொறி அங்கேதான்: பன்றி ஜெலட்டின் அந்தப் 14-இல் இல்லை, மதுவும் இல்லை. ஏனென்றால் அது ஒவ்வாமைக்கான பட்டியல், சைவமா ஹலாலா என்று சொல்லும் பட்டியல் இல்லை. அட்டவணையில் ஒரு கட்டத்திலும் குறி இல்லாத இனிப்பில்கூட ஜெலட்டின் இருக்கலாம்.

ஜெலட்டின் எங்கெல்லாம் இருக்கும்? மூஸ் அடுக்குகள், கண்ணாடி போலப் பளபளக்கும் மேல்பூச்சு, பவாரியக் கிரீம், பல அடுக்கு 'ஆந்த்ரெமே' கேக்குகள், பழ ஜெல்லி, மார்ஷ்மெல்லோ. பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து வருவது. மாட்டு ஜெலட்டின், மீன் ஜெலட்டின் பயன்படுத்தும் கடைகளும் உண்டு, பழத்திலிருந்து எடுக்கும் பெக்டினுக்கும் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகருக்கும் மாறியவர்களும் உண்டு. ஆகவே கேட்காமல் எதையும் ஊகிக்க முடியாது. கேட்க வேண்டிய வாக்கியம்: 'எஸ்கில்யா த லா ஜெலத்தீன் ததான்?' ஆம் என்றால் அடுத்த கேள்வி, 'த போர்?' (பன்றியா?). இந்த இரண்டு கேள்வியை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, தினமும் பலர் கேட்பதுதான். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் உள்ளே போய்க் கேட்டு வருவார். 'இல்லை என்றுதான் நினைக்கிறேன்' என்று இழுத்தால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள்.

எலுமிச்சை டார்ட், எக்லேர், பாரிஸ்-பிரெஸ்த் ஆகியவற்றின் பழைய செய்முறையில் ஜெலட்டின் கிடையாது. ஆனால் கிரீம் நின்று பிடிக்க வேண்டும் என்பதற்காக இக்காலத்து சமையல்காரர்கள் அவற்றிலும் சிறிது சேர்ப்பதுண்டு. ஃபினான்சியே, மதலென் போன்ற சுட்ட சிறு கேக்குகளிலும் ஃபிளான் எனும் சுட்ட கஸ்டர்ட் டார்ட்டிலும் அந்தப் பயம் மிகக் குறைவு. ஃபிளான் விலையும் மற்றதைவிடக் குறைவு, நல்ல கடை ஃபிளானில் வனிலா விதைகள் கரும்புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். பால்கோவா பிடிக்கும் ஆட்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது அதைத்தான்.

மது: 'பாபா'விலும் 'சவரென்' வகையிலும் ரம் வெளிப்படையாகவே ஊற்றியிருக்கும். ஒளிந்திருப்பவைதான் தொல்லை. கனலே எனும் சிறு கேக்கின் மாவில் ரம் உண்டு. செர்ரி வைத்த 'ஃபொரே-நுவார்' கேக்கில் கிர்ஷ் எனும் செர்ரி மது இருக்கும். ஃப்ரெசியேயின் கேக் அடுக்கில் தடவும் பாகிலும் கிர்ஷ் சேர்ப்பதுண்டு. சில கலெத்தின் பாதாம் கிரீமிலும் ரம் சேர்ப்பார்கள். 'ஸான் அல்கோல்?' என்று கேட்டாலே போதும்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கடைகளில் உங்களுக்கு அதிகம் கிடைக்காது. மக்கரோன் என்பதே பாதாம் பொடியும் முட்டை வெள்ளையும். குரோசான் மாவில் முட்டை போடாத கடையிலும் மேலே பளபளப்புக்கு முட்டை தடவுவார்கள். மிஞ்சுவது கறுப்புச் சாக்லேட்டும் 'பாத் த ஃப்ருய்' எனும் பழமிட்டாயும்தான். அந்தப் பழமிட்டாய் பழச்சாற்றைப் பெக்டின் சேர்த்துக் காய்ச்சிச் செய்வது. துரென் தெரு 133-இல் ஜாக் ஜெனான் கடையில் சாப்பிட்டவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். முழுக்கச் சைவமான வீகன் பேஸ்ட்ரி கடைகளும் பாரிஸில் தனியாக இருக்கின்றன, தேடிப் போகலாம். கடும் சைவக்காரர்கள் சிவப்பு நிறத்தையும் கவனியுங்கள்: ஈ120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம்.

6. கவுன்டரில் நடப்பது

உள்ளே நுழைந்ததும் முதல் சொல் 'பொன்ஜூர்'. மாலையாகிவிட்டால் 'பொன்ஸ்வார்'. இதைச் சொல்லாமல் நேரே 'அது என்ன விலை' என்று ஆரம்பித்தால் முகம் மாறிவிடும். நிறவெறி என்று நாம் நினைத்துப் புண்படும் சில சந்தர்ப்பங்களில் பாதி இந்த ஒரு சொல் விட்டுப்போனதால் வருவது. (மீதிப் பாதி வேறு விஷயம்.)

துண்டுகளின் பெயர்ச்சீட்டு சிறிய எழுத்தில், அலங்காரப் பெயர்களோடு இருக்கும். முதல் நாளே கடையின் இணையப் பக்கத்தில் பார்த்து இரண்டு பெயர்களைக் குறித்து வையுங்கள். முதலாவது தீர்ந்திருந்தால் இரண்டாவது. விரலால் காட்டலாம், தவறில்லை. கண்ணாடியை மட்டும் தொடாதீர்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிறகு கேள்விகள் வரும், ஏறக்குறைய இந்த வரிசையில்:

- 'சூர் பிளாஸ் ஊ ஆ ஆம்போர்த்தே?' இங்கேயா, எடுத்துப் போகவா?
- 'அவெக் ஸஸி?' வேறென்ன வேண்டும்? ஒவ்வொரு பொருளுக்குப் பிறகும் இதைக் கேட்பார்கள். முடிந்தது என்றால் 'ஸ ஸெரா தூ, மெர்ஸி'.
- 'சே பூர் ஒஃப்ரீர்?' பரிசுக்கா? ஆம் என்றால் ரிப்பன் கட்டித் தருவார்கள், பெரும்பாலும் கட்டணம் இல்லாமல்.
- வீடு போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

கடைசிக் கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள். புறநகருக்கு ஒரு மணி நேரம் பயணம் என்றால் அப்படியே சொல்லுங்கள், 'ஊன் எர்'. பொதியும் முறை அதைப் பொறுத்து மாறும். அவர் பொதிவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்: ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் பொன்னிற அட்டை இருக்கும். அதைத் துண்டின் மேல் விரல் படாமல் ஒரு கரண்டியால் ஏந்தி, பெட்டியின் மூலையில் அட்டையின் விளிம்பைச் செருகுவார். இடைவெளி மிஞ்சினால் மடித்த அட்டைத் துண்டு ஒன்றை நடுவில் வைப்பார். அது வைக்காமல் மூடினால், ரயில் முதல் வளைவில் திரும்பும்போதே எக்லேர் டார்ட்டின் மேல் ஏறிவிடும். நீங்களே கேட்கலாம். குளிர்க்கட்டிப் பையும் சில கடைகளில் உண்டு, இரண்டு மூன்று யூரோ கேட்பார்கள். கோடையில் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.

7. பணம் கட்டும்போது

பிரான்ஸ் வங்கி அட்டை இருந்தால் பிரச்சினை இல்லை. தொடாமல் காட்டிக் கட்டுவது 50 யூரோ வரைதான், அதற்கு மேல் ரகசிய எண் கேட்கும். கைபேசியில் அட்டையை ஏற்றியிருந்தால் இந்த வரம்பு பொதுவாகத் தடையாவதில்லை. சிறிய கடைகளில் அட்டைக்குக் குறைந்தபட்சத் தொகை வைத்திருப்பார்கள், அறிவிப்பு கவுன்டரில் ஒட்டியிருக்கும். 20 யூரோ தாள் ஒன்று பையில் இருக்கட்டும்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் புறப்படும் முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட வேண்டும், புதிய அட்டைகளில் அது மூடியே வரும். ஈபிள் கோபுரத்தில் யுபிஐ வந்துவிட்டது என்ற செய்தியை நம்பி பேஸ்ட்ரி கடையில் கியூஆர் தேடாதீர்கள். இயந்திரம் 'யூரோவா, ரூபாயா' என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அந்த இயந்திரக்காரர் வைத்த மாற்று விகிதம், அது உங்கள் வங்கி தருவதைவிட அநேகமாக மோசமாகவே இருக்கும்.

ரசீது தானாக வராது. 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரான்சில் கேட்டால்தான் அச்சடிப்பார்கள். 'ல திக்கே, சில்வூப்ளே' என்று கேட்டு வாங்கி, கடையை விட்டு இறங்கும் முன் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குப் போய் ஒன்று குறைகிறது என்று கூப்பிட்டால் ரசீது இல்லாமல் பேச்சே எடுபடாது.

8. உட்கார்ந்து சாப்பிடுவதாக இருந்தால்

காலியாக இருக்கும் மேசையில் நீங்களாகப் போய் உட்காராதீர்கள், ஊழியர் அழைத்துப் போக வேண்டும். குடிக்கத் தண்ணீர் என்று மட்டும் சொன்னால் காசு வாங்கும் புட்டித் தண்ணீர் வந்து நிற்கும். 'ஊன் கராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசம். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கிறது, டிப்ஸ் உங்கள் விருப்பம். ஒரே துண்டை இருவர் பகிரலாம், ஆனால் ஆளுக்கு ஒரு பொருளாவது வாங்க வேண்டும் என்ற விதி சில இடங்களில் உண்டு. ஆஞ்செலினாவின் சூடான சாக்லேட்டைக் கேட்டீர்கள் என்றால், கரண்டி நிற்கும் அளவு கெட்டியாக வரும். அதோடு சேர்த்து மோன்-பிளானும் (செஸ்ட்நட் கிரீம் இனிப்பு) சொல்லாதீர்கள், இரண்டையும் ஒரே ஆள் முடிப்பது கஷ்டம்.

9. வீட்டுக்கும் விமானத்துக்கும்

பெட்டியைக் கைப்பிடியில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு போகாமல் அடியில் உள்ளங்கையைக் கொடுத்துப் பிடியுங்கள். மாலை 5-லிருந்து 7 வரை மெட்ரோவில் ஏற வேண்டாம், கார் து நோர் ரயில் நிலையம் பக்கம் போகிறவர்கள் முக்கியமாக. அந்த நேரத்தில் பேருந்து மெதுவாகப் போனாலும் பெட்டி தப்பிக்கும்.

கிரீம் உள்ள எதையும் அன்றே சாப்பிட வேண்டும், வீடு சேர்ந்ததும் குளிர்பெட்டிக்குள். மில்ஃபெய் மட்டும் விதிவிலக்கு: உள்ளே வைத்தாலே அடுக்கு நமுத்துவிடும், வாங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். மக்கரோன் குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும், சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு வெளியே எடுத்து வையுங்கள், குளிரோடு கடித்தால் வாசனையே தெரியாது.

ஊருக்குக் கொண்டுபோக மக்கரோனைவிட ஃபினான்சியே, பழமிட்டாய், சாக்லேட் மேல். மக்கரோன்தான் வேண்டும் என்றால் புறப்படும் நாளிலேயே வாங்கிக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டால் ஊர் சேரும்போது தூளாகியிருக்கும். ரொட்டியில் தடவும் சாக்லேட், உப்புக் கேரமல் போன்ற புட்டிகளுக்கு இது நேர்மாறு. 100 மில்லிக்கு மேல் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் அவற்றைத் திரவமாகக் கணக்கிட்டு எடுத்து வைத்துவிடுவார்கள், அவை சரக்குப் பெட்டிக்குள்தான் போக வேண்டும். துணியில் சுற்றி, மூடியை ஒட்டுநாடாவால் இறுக்கி, உடைகளின் நடுவில் வையுங்கள்.